நீல்ஸ் தட்டிய தூசியும் நான் தட்டிய சப்பாத்தும்

“மார்ச் 14. நாலு மைல் நடந்தோம். மூன்று வீடுகளில் இடம் தரவில்லை. கால் தூசியைத் தட்டிவிட்டுப் போனோம். நாலாவது வீட்டில் வாற்கோதுமைக் கஞ்சி தந்தார்கள். கர்த்தருக்கு நன்றி. குளிர்.”

நீல்ஸ் என்ற டென்மார்க் இளைஞன் எழுதிய நாட்குறிப்பில் ஒரு பக்கம் இது. முழுப் பக்கமே இவ்வளவுதான். ஆண்டு போடவில்லை. (மாதமும் திகதியும் எழுதத் தெரிந்தவனுக்கு ஆண்டை எழுத என்ன கை வலித்ததோ.) முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை வைத்துப் பார்த்தால் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு இந்த ஒரு பக்கம்தான் காரணம் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். அது பொய். நீல்ஸ் நடந்தான், எழுதினான், படுத்துவிட்டான். அவன் எழுதியது சரிதானா என்று பார்க்க, நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் கழித்து மெல்பேர்னில் புறப்பட்ட முட்டாள் நான்தான்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கிளென் வேவர்லியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நகரசபை ஒன்றில் பழைய கோப்புகளை அடுக்கும் பிரிவில் வேலை செய்தேன். யார் எதைச் சொன்னாலும் “எப்போது?” என்று கேட்பவன் என்று அலுவலகத்தில் பெயர். சக ஊழியர்களின் பிறந்தநாள்களை ஞாபகப்படுத்துவேன். அவர்கள் மறக்க விரும்பிய திகதிகளையும் ஞாபகப்படுத்துவேன். மதிய இடைவேளையில் என் மேசைக்குப் பக்கத்தில் ஏன் ஒருவரும் வந்து உட்காருவதில்லை என்பது அந்த நாளில் எனக்குப் புரியவில்லை.

கெரன் மட்டும் வருவாள். அவளுடைய தாய்வழிப் பூட்டனின் தகப்பன்தான் நீல்ஸ். அவனுடைய நாட்குறிப்பை யாரோ ஒரு பெரியம்மா ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தார். குடும்ப ஒன்றுகூடலில் வாசிப்பதற்கு அதைக் கால ஒழுங்கில் அடுக்கித் தர முடியுமா என்று கெரன் கேட்டாள். பட்டினி கிடந்தவனிடம் சோற்றுப் பார்சலை நீட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

நீல்ஸ் பீப்பா செய்யும் பட்டறையில் தொழில் பழகியவன். இருபத்திரண்டு வயதில், அமெரிக்காவில் தொடங்கிய மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தான். ஆற்றின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியை உடைத்துத்தான் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். உடம்பு சூடேறுவதற்குள், அதாவது மூன்றே மாதத்தில், அவனையே ஊழியக்காரனாக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். மீசை சரியாக முளைக்காதவனுக்கு மூப்பர் என்று பொருள்படும் ‘எல்டர்’ பட்டம் வேறு. அந்தக் காலத்து மோர்மன் ஊழியக்காரர்களுக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. தனியாகப் போகக்கூடாது, எப்போதும் இருவர். கையில் பணப்பை கூடாது. சாப்பாடும் படுக்கையும் கதவைத் திறக்கிறவர்களின் மனதைப் பொறுத்தது. திறக்காத வீட்டு வாசலில் காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். ‘நாங்கள் வந்தோம், நீங்கள் ஏற்கவில்லை, இனி எங்கள் பொறுப்பு இல்லை’ என்பதற்கு அது சாட்சி.

அவன்மீது கல் எறிந்திருக்கிறார்கள், நாயை ஏவியிருக்கிறார்கள். (நாய்களின் நிறத்தைக் குறித்து வைத்திருக்கிறான். அந்த இடத்தில்தான் அவன்மேல் எனக்கு மதிப்பு வந்தது.) அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக எட்டு நாள் சிறையில் போட்டார்கள். அங்கே நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. நாட்குறிப்பிலேயே மிகவும் சந்தோஷமான பகுதி அதுதான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மார்ச் 14 குறுக்கே வந்தது. பழைய டேனிஷ் மைல் நம்முடைய மைல் அல்ல, ஏறக்குறைய ஏழரைக் கிலோமீற்றர். நாலு மைல் என்றால் முப்பது கிலோமீற்றர். அதற்குள் நாலு வீட்டில் நின்று பேச வேண்டும். மார்ச் மாதத்துப் பகல் வெளிச்சத்துக்குள் இது முடியுமா? கெரன் சிரித்துவிட்டு, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதை நம்புகிறோம் என்றாள். நம்புவது வேறு, சரிபார்ப்பது வேறு என்று நான் பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன். அடுத்த வாரம் ஒன்றுகூடல். ஆகவே நடந்து பார்ப்பதற்கு எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை, 2014 அக்டோபர் 4.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் கிரெய்கிபர்னுக்குப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பெண்ணின் பெயர் நிர்மலா. மருந்துக்கடையில் வேலை. ஐந்து வயதில் இங்கே வந்தவள். கல்யாணப் பேச்சுக்கால் தொடங்கிய பிறகு இரண்டு தடவை சந்தித்திருந்தோம். இரண்டாவது சந்திப்பில், நாங்கள் உட்கார்ந்திருந்த கோப்பிக் கடைக்குப் பக்கத்து ரயில் நிலையம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “வேற என்ன தெரியும்?” என்று கேட்டாள். பாராட்டாக்கும் என்று நினைத்து அடுத்த நிலையத்தின் ஆண்டையும் சொன்னேன். ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. அன்றைய என் நாட்குறிப்பில் திகதிக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வார்கள். முடிவு சொல்வது தாயும் தகப்பனும் அல்ல, டொன்காஸ்ரரில் இருக்கும் தாய்மாமன். “மாமா ஓம் எண்டால்தான் அம்மா ஓம் எண்டுவா,” என்று நிர்மலா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். மாமாவின் பெயர் தேவராசா. கோயில் நிர்வாக சபையில் இருப்பவர், ஆசாரத்தில் கறார். எனக்கு முன் இரண்டு மாப்பிள்ளைகளைத் தள்ளியிருந்தார். ஒருவர் கால்மேல் கால் போட்டு இருந்துவிட்டாராம். மற்றவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாராம். அவரை நான் கண்டதில்லை. அவருடைய வீடும் தெரியாது.

இந்த நிலையில் புத்தியுள்ள ஒருவன் சனிக்கிழமை தலைமயிர் வெட்டியிருப்பான்.

இருவராகப் போக வேண்டும் என்பதால் என் அறைத் தோழன் யூட்டைக் கேட்டேன். யூட் மன்னாரைச் சேர்ந்தவன், படகில் வந்தவன், தற்காலிக விசாவில் ஒரு விருந்து மண்டபத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டிருந்தான். நான் விஷயத்தை விளக்கியபோது சொதி கிண்டிக்கொண்டிருந்தான். அகப்பையை வைக்காமலே கேட்டான்:

“அவையளுக்குக் கடவுள் போகச் சொன்னவர். உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கணக்குச் சரியோ எண்டு பாக்கத்தான்.”

“காசில்லாமல், போன் இல்லாமல், எங்க போய்ச் சேருவம் எண்டு தெரியாமல் வெளிக்கிடுறது. அப்பிடித்தானே?”

“ஓம்.”

“அதை நான் ஒருக்காச் செய்திட்டன், மச்சான். சான்றிதழ்தான் தரேல்லை.”

ஆனாலும் வந்தான். ஒரு நிபந்தனை. தெரியாத வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. யாராவது பொலிசைக் கூப்பிட்டால் என்னிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, அவனிடம் ஒரு தற்காலிக விசாக் கடிதம் மட்டும்தான் இருக்கிறது. அதில் நியாயம் இருந்தபடியால் தமிழ் வீடுகளாகத் தட்டுவது என்று தீர்மானித்தோம். தமிழ் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாசல் நிலைக்கு மேலே பிள்ளையார் அல்லது மாதா, முற்றத்தில் குளிருக்குப் பிளாஸ்ரிக் போர்த்த கறிவேப்பிலைக் கன்று.

மற்ற விதிகளை ஒரு தாளில் எழுதினேன். நடக்கிற காரணத்தைச் சொல்லக்கூடாது, சொன்னால் பரிசோதனை கெட்டுவிடும். கதவைத் திறந்தால் பேசவேண்டிய வசனம் ஒன்றுதான்: ‘நடந்து வந்தம். சாப்பிட ஏதும் இருக்கா?’ நீல்ஸ் ஊழியத்துக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போடுவான் என்பதால் நாங்களும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. யூட்டிடம் வேலைக்குப் போடும் சட்டை இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய புதுத் தோல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். காலுக்குப் பழக்கியது மாதிரியும் இருக்கும் என்று யோசித்தேன். (யோசனை என்று இதைத்தான் அந்த நாளில் சொல்லிக்கொண்டிருந்தேன்.) கைத்தொலைபேசியை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைத்தேன். கைக்கடிகாரம், பேனா, குறிப்புப் புத்தகம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவது வீட்டில் ஓர் அன்ரி கதவைத் திறந்தார். எங்கள் சட்டைகளை மேலும் கீழும் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன் ஆங்கிலத்தில், எங்களுக்கு ஏற்கெனவே கடவுள் இருக்கிறார், நன்றி, என்றார். “அன்ரி, நாங்கள் தமிழ்,” என்று யூட் சொன்னபோது அவன் கதவுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைக் காலையில் வெள்ளைச் சட்டை போட்ட இருவர் வாசலில் நின்றால் மதம் பரப்ப வந்தவர்கள் என்று மெல்பேர்னில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சந்தோஷமாக நேரத்தைக் குறித்தேன். நீல்ஸுக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடக்கிறது.

டொன்காஸ்ரருக்கு வந்தபோது சப்பாத்துக்குள் இரண்டு குதிக்காலும் கொப்பளித்திருந்தன. யூட் பேசுவதை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் காற்றில் அந்த வாசம் வந்தது. வறுத்த தூள் போட்டு வைத்த ஆட்டிறைச்சிக் கறி. யூட் அப்படியே நின்றுவிட்டான். ஒரு மூலை வீடு. நிலைக்கு மேலே பிள்ளையார், பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம், போர்த்திய கறிவேப்பிலை.

மணியை அடித்தேன். உள்ளே பாடிக்கொண்டிருந்த வானொலி சட்டென்று குறைந்தது. மறுபடி அடித்தேன். குக்கர் விசில் அடித்தது. யன்னல் திரை ஒரு விரல் அளவுக்கு விலகி, திரும்ப மூடியது. குக்கர் இன்னொரு விசிலைத் தொடங்க, யாரோ ஓடிப்போய் அதன் கழுத்தை நெரித்தது போலப் பாதியில் நின்றது.

“உள்ள ஆள் நிக்குது,” என்றான் யூட்.

“எழுதியிட்டன்.”

“அண்ணை, நடந்து வந்தனாங்கள். சாப்பிட ஏதும் இருக்கா?” என்று யூட் கதவைப் பார்த்து உருகிக் கேட்டான். நீல்ஸ்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான். கதவு திறக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன்.

“என்ன செய்யிறாய்?”

“தூசி தட்ட வேணும்.”

“டேய், விசர் வேலை பாக்காதை. தமிழன்ர வாசல்ல சப்பாத்தைக் கழட்டி அடிக்கப்போறியா?”

“இது அவமதிப்பில்லை, யூட். இது ஒரு சாட்சி.”

“அது உனக்கும் அந்த நீல்சுக்கும் தெரியும். உள்ள நிக்கிற மனுசனுக்குத் தெரியுமே?”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனை எச்சரிக்க முடியாது. ஆனால் நான் அந்த நாட்குறிப்பிலே ஆறு வாரமாகக் குடியிருந்தவன். எனக்கு முன்னால் இருந்தது டொன்காஸ்ரர் அல்ல, நீல்ஸ் நடந்து திரிந்த யட்லாந்து. வலது சப்பாத்தால் படியில் மூன்று அடி. இடது சப்பாத்தால் மூன்று அடி. தூசி ஒன்றும் பெரிதாக விழவில்லை, சத்தம்தான் நன்றாகக் கேட்டது. திரை இந்த முறை அகலமாக விலகியது. நான் நேரத்தை எழுதிவிட்டு நொண்டிக்கொண்டு நடந்தேன். யூட் எனக்கும் தனக்கும் இடையில் பத்து அடி இடைவெளி விட்டு வந்தான்.

நாலாவது வீடு ஹைடல்பேர்க்கில், யூட்டின் ஊர்க்காரி மேரி அக்காவுடையது. நான் வசனத்தைச் சொன்னேன். அக்காவின் முகம் இருண்டது. காரில்லாமல் நடந்து வந்து, கையில் ஒரு பழமும் இல்லாமல், வாசலிலேயே சாப்பாடு கேட்ட தமிழனை அவர் இந்த நாட்டில் கண்டதில்லை. பிட்டும் மீன் குழம்பும் போட்டுத் தந்துவிட்டு எதிரே கதிரையில் இருந்து எங்களையே பார்த்தார். பிறகு மெதுவாக, சூதாட்ட மெசினில் எவ்வளவு போனது, வேலையும் போய்விட்டதா என்று கேட்டார். காரணம் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே நான் மௌனமாக மென்றேன். யூட் மூன்றாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு, “கொஞ்சம் கஷ்டம்தான் அக்கா,” என்றான். அக்கா அழுதுவிட்டார். அவருடைய கணவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். போகும்போது, மனதைத் தளரவிடக்கூடாது தம்பி என்றார். நடந்தது எல்லாமாக இருபது கிலோமீற்றர் சொச்சம்தான். முப்பது ஆகவில்லை.

ஞாயிறு காலையில் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. யூட் இரண்டு பாதத்துக்கும் பஞ்சு வைத்து வெள்ளைத் துணியால் சுற்றிவிட்டான். சப்பாத்து ஏறாது. யூட்டின் குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். எனக்கு மெல்பேர்னில் வேறு சொந்தமில்லை என்பதால் மாப்பிள்ளை பக்கத்து ஆளாக அவனே வந்தான். அவனிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அதே வெள்ளைச் சட்டை. என் காரை அவன்தான் ஓட்டினான். என் கடிகாரத்தில் சரியாக நாலு மணிக்குக் கிரெய்கிபர்னில் அழைப்பு மணியை அடித்தேன்.

நிர்மலாவின் தகப்பன் மகாலிங்கம் அங்கிள் கதவைத் திறந்து, வழி தவறிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதுதான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து. அன்று அதிகாலை மெல்பேர்னில் கோடைகாலத்துக்காக ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளியிருந்தார்கள். (எல்லோருக்கும் திகதி சொல்லித் திரிந்தவன் மணிக்கூட்டை மாற்ற மறந்துவிட்டான். தொலைபேசி இன்னும் லாச்சிக்குள் கிடந்தது.)

உள்ளே மாமா ஏற்கெனவே வந்து நடுக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ராணி மாமி, எதிரே நிர்மலாவின் அம்மா. நிர்மலா குசினி வாசலில் நின்றாள். மாமா ஒரு கதையின் நடுவில் இருந்தார். எங்களுக்குத் தலையை அசைத்துவிட்டு, கதையை விட மனமில்லாமல் தொடர்ந்தார்.

முதல் நாள் அவருடைய வீட்டுக்கு மதம் மாற்றுகிற ஆட்கள் வந்தார்களாம். நாலு பேராம். அவர் கதவை அகலத் திறந்து வைத்து, சைவ சமயத்தின் பெருமையைப் பதினைந்து நிமிஷம் எடுத்துச் சொன்னாராம். பதில் சொல்ல வழியில்லாமல் அவர்கள் சப்பாத்தைக் கழற்றி வாசற்படியில் அடித்தார்களாம். அவர் தெரு முனை வரைக்கும் துரத்தினாராம்.

அந்த மூலை வீடு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் யூட் தன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியை மெதுவாகக் கையால் மறைத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். திரைக்குள்ளால் பார்த்த மாமாவுக்கு எங்கள் முகம் பிடிபடவில்லை, அவருடைய மூக்குக்கண்ணாடியும் தடித்தது. நாலு பேர் என்றார், பொறுத்துக்கொண்டேன். பதினைந்து நிமிஷப் பிரசங்கம் என்றார், பொறுத்துக்கொண்டேன். துரத்தினார் என்றார், அதையும் விழுங்கினேன். அப்போது அவர் சொன்னார்:

“ஒரு ரெண்டு மணி இருக்கும்.”

“பதினொண்டு நாப்பது, மாமா,” என்றேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். யூட்டின் சட்டையைப் பார்த்தார். கடைசியில் விரிப்பின்மேல் இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் போலக் கிடந்த என் பாதங்களைப் பார்த்தார்.

“நீயா?”

நிர்மலாவின் அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். தன்னுடைய தமையனின் வாசலில் செருப்படி அடித்தவனுக்கா மகளைக் கொடுப்பது என்று அவர் யோசித்தது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. மாமா எழுந்து நின்று நான் யார், என் குடும்பம் என்ன, யார் கூலி கொடுத்து அனுப்பியது என்று அடுக்கிக்கொண்டே போனார். மகாலிங்கம் அங்கிள்தான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“தம்பி என்ன நடந்தது எண்டு சொல்லட்டும்.”

நீல்ஸைப் பற்றிச் சொன்னேன். பனிக்கட்டி, பணப்பை, டேனிஷ் மைல், தூசி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. என் சொல்லை ஏன் நம்ப வேண்டும் என்று மாமா கேட்டார். ஆதாரம் கேட்டால் எனக்கு ஓர் உற்சாகம் வந்துவிடும். சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, உள்ளது உள்ளபடி உரத்து வாசித்தேன்.

“பதினொன்று நாற்பது. மூன்றாவது வீடு, மூலை வீடு. மணி அடித்தோம். பதினொன்று நாற்பத்திரண்டு. வானொலி குறைக்கப்பட்டது. ஆள் உண்டு. பதினொன்று நாற்பத்து மூன்று. குக்கர் விசில். ஆட்டிறைச்சி, வறுத்த தூள், கறுவா...”

யூட் என் காலை மிதித்தான். கொப்பளத்தில் சரியாக மிதித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன்.

“...பதினொன்று நாற்பத்தைந்து. திரை அசைந்தது. கதவு திறக்கப்படவில்லை. நாற்பத்தாறு. விசில் பாதியில் நிறுத்தப்பட்டது. நாற்பத்தெட்டு. தூசி தட்டப்பட்டது.”

புத்தகத்தை மூடிவிட்டு, வழக்கில் வென்றவன் மாதிரி நிமிர்ந்தேன். ராணி மாமி கைப்பையை மடியில் இழுத்து வைத்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில் என்னைக் கேட்டார்:

“தம்பி, நேற்று என்ன நாள்?”

என்னிடம் போய்த் திகதி கேட்கலாமா?

“அக்டோபர் நாலு, மாமி. புரட்டாதி மாசத்து மூண்டாம் சனி.”

சொல்லி முடித்த பிறகுதான், புரட்டாதிச் சனி என்றால் சைவ வீடுகளில் மீன் வாசமும் வரக்கூடாது என்பது என் மண்டையில் ஏறியது. மாமி கணவன் பக்கம் திரும்பினார்.

“காலமை தொடக்கம் கோயில்ல நிண்டு நான் எள்ளெண்ணெய் எரிச்சது ஆற்ர சனிக்கு? உங்கட ஏழரைச் சனிக்கு.”

“அது இறைச்சியில்லை,” என்றார் மாமா. “சோயா.”

“சோயாவுக்கு விசில் தேவையில்லை, மாமா,” என்றான் யூட். சமையல் தெரிந்தவன், பேசாமல் இருக்க அவனாலும் முடியவில்லை.

இந்தக் கலியாணம் நடக்காது என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போனார். கார்த் திறப்பு மாமியின் கைப்பையில் இருந்தது. அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை, கொடுக்க மாமிக்கும் மனம் வரவில்லை. கார் பூட்டாமல் கிடந்தபடியால் முன் இருக்கையில் ஏறி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

உள்ளே நிர்மலாவின் அம்மா, அண்ணை ஓம் சொல்லாமல் ஒன்றும் நடக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். வென்ற உற்சாகம் முழுக்க வடிந்துபோயிருந்தது. இந்த வீட்டுக்கு நான் இனி வர முடியாது, குசினி வாசலில் நிற்பவளை இனிக் காண முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவள் கையிலிருந்த தேத்தண்ணித் தட்டில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது.

“அப்பா,” என்றாள், “மாமா சொன்ன ஒரு கதையையாவது இவ்வளவு காலத்தில ஆராவது டைம் போட்டு செக் பண்ணியிருக்கினமா?”

அங்கிள் சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நிர்மலா ஒரு கோப்பைத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காருக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னாள். ஐந்து ஐம்பதுக்குப் போனவள் ஆறு மணிக்குத் திரும்பினாள். பின்னால் மாமா வந்தார். அதே கதிரையில் இருந்தார். என் பாதங்களைப் பார்த்தார்.

“அந்த டென்மார்க் பெடியன்,” என்றார். “அவனுக்கு ஆரும் சாப்பாடு குடுத்தவையே?”

“ஓம் மாமா. நாலாவது வீட்டில. கஞ்சி.”

“ம்.” கோப்பையைக் கீழே வைத்தார். “இனி நடந்து வந்தால் மணியை அடிச்சுப் பேரைச் சொல்லு.”

நிர்மலாவின் அம்மா எழுந்து பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் குடும்பத்தில் ஓம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குப் பிறகு சொன்னார்கள்.

அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. மேரி அக்கா வந்து, சூதை விட்டுவிட்டதற்காக என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆசீர்வதித்தார். நான் மறுத்துப் பார்த்தேன். விட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். யூட்டுக்குப் பிறகு விசா விஷயம் ஒருவாறு சரிவந்தது. இப்போதும் என்னுடன் எங்கேயும் நடந்து வர மறுக்கிறான்.

புரட்டாதிச் சனி வந்தால் காலையிலேயே குடும்பத்தில் யாராவது டொன்காஸ்ரருக்கு போன் எடுத்து, “எத்தினை விசில் ஆச்சு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் மகளுக்கு ஏழு வயது. மாமாத் தாத்தாவைக் கண்டால் வணக்கம் சொல்வதற்குப் பதில் குக்கர் மாதிரிச் சத்தம் போடுகிறாள். மாமாவும் அந்தக் கதையை இப்போது தானே சொல்கிறார். அவருடைய கதையில் ஆறு பேர் வந்தார்கள். கறி என்ன கறி என்பதை அவர் சொல்வதில்லை, மாமி இடையில் புகுந்து சொல்கிறார்.

இதை எழுதுவதற்காகச் சம்பந்தப்பட்டவர்களை மறுபடி விசாரித்தேன். நேரங்கள் எல்லாம் குறிப்புப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன. ஒன்றைத் தவிர. காருக்குப் பக்கத்தில் அந்தப் பத்து நிமிஷமும் நிர்மலா என்ன சொன்னாள்? மாமாவைக் கேட்டால், “ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணிதான் தந்தவள்,” என்கிறார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த மாமி, நடுவில் ஒருமுறை அவர் சிரித்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். நிர்மலாவைக் கேட்டேன்.

“மறந்துபோச்சு.”

“கொஞ்சமாவது?”

“எழுதி வைக்கேல்லையே,” என்றாள்.

ஆகவே, 2014 அக்டோபர் 5, பின்னேரம் ஐந்து ஐம்பது முதல் ஆறு மணி வரை பேசப்பட்டது என்ன என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.